எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது: ஃப்ரீலான்ஸ் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் சேவைப் பட்டியல்

ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் குறிப்புகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல், தட்டச்சு, சப்டைட்டில், குரல் பதிவு, உள்ளடக்கம் எழுதுதல், ஒலிப்பதிவை எழுத்தாக்குதல் என்று எல்லாம் வரிசையாக வரும். துறை என்ற இடத்தில் மருத்துவம், சட்டம், சுற்றுலா, வேளாண்மை, தொழில்நுட்பம். எதையாவது விட்டுவிட்டால் அந்த வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம்தான் இப்படி எழுதவைக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. மாத வருமானம் நிச்சயமில்லாத தொழில் இது.

ஆனால் அந்தக் குறிப்பைப் படிப்பவர் யார்? மொழிபெயர்ப்பு வேலைகளை வாங்கி நம்மைப் போன்றவர்களுக்குப் பிரித்துத் தரும் ஏஜென்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர். கையில் ஒரு மருந்துச் சோதனையின் ஒப்புதல் படிவமோ, கடன் ஒப்பந்தமோ இருக்கிறது. இதே மாதிரிப் படிவத்தை முன்பு செய்தவர் யார் என்று தேடுகிறார். எல்லாம் செய்வேன் என்கிற குறிப்பில் அவருக்குப் பதில் கிடைப்பதில்லை. அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

முன்பெல்லாம் இது பெரிய சிக்கலாக இல்லை. தமிழில் வேலை கொஞ்சம், செய்கிறவர்களும் கொஞ்சம், எது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். 2011 ஜூனில் கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவைக்குள் தமிழ் வந்தபோது அதன் தமிழைப் பார்த்து யாரும் கவலைப்படவில்லை. 2017-ல் நரம்பியல் வலையமைப்பு முறைக்கு அது மாறியபோது வாக்கியங்கள் ஓரளவு நிமிர்ந்து நின்றன. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளுக்குக் கொண்டுபோக ‘சுவாஸ்’ என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. 2022-ல் இந்திய மொழிகளுக்கான ஒன்றிய அரசின் மொழிபெயர்ப்புத் தளம் ‘பாஷினி’ வந்தது. அப்புறம் சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள். இன்றைக்குப் பொருள் புரிந்தால் போதும் என்கிற வகை எழுத்து, அதாவது பொருட்களின் விவரக் குறிப்பு, அலுவலக உள்மின்னஞ்சல், சுற்றுலாத் தளத்தின் பக்கங்கள் போன்றவை, மனிதக் கைக்கு வருவதே குறைந்துவிட்டது. வந்தாலும் ‘போஸ்ட் எடிட்டிங்’ என்ற பெயரில், இயந்திரம் செய்ததைத் திருத்தித் தரச் சொல்லிப் பாதி ரேட்டில் வருகிறது.

இதில் பலருக்கும் மனவருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் எல்லா வேலையும் போய்விடவில்லை. எது போனது, எது நின்றது என்று கவனித்தால் ஒரு கோடு தெரிகிறது. மொழிபெயர்ப்பு தப்பாகிவிட்டால் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற இடங்களில் மனிதருக்கு இன்னும் கூலி இருக்கிறது. யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால் அங்கே விலை சரிந்துகொண்டேதான் போகும். ஆகவே சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எனக்கு என்னவெல்லாம் தெரியும்’ என்று தொடங்குவதைவிட, ‘எந்தத் தவறு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்க முடியும்’ என்று தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் தமிழைக் கேட்கும் இடங்கள்

அப்படிப்பட்ட வேலை எங்கே இருக்கிறது என்று தேட எளிய வழி, எந்தச் சட்டம், எந்த விதி உள்ளூர் மொழியில் ஆவணம் வேண்டும் என்கிறது என்று பார்ப்பதுதான்.

மருத்துவ ஆய்வு முதலில் வருகிறது. இந்தியாவில் புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமானால், 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தரப்பட வேண்டும். அவற்றை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பங்கேற்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால், ஒப்புதல் பெறும் நேரம் முழுவதும் நடுநிலையான சாட்சி ஒருவர் கூட இருந்தாக வேண்டும். கடைசியாகச் சொன்னது மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது. நாம் எழுதுவது கண்ணால் படிக்கப்படுவதற்கு மட்டும் இல்லை; மருத்துவமனை வராந்தாவில் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் காதால் கேட்டு முடிவெடுக்கப் போகிறார். நான்கு வரிக்கு நீளும் வாக்கியம் அங்கே உதவாது.

இந்த வேலையில் எதற்குக் கூலி என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். இருபது பக்கப் படிவம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் பக்கத்தில், ஆய்வு முழுவதும் ஆறு முறை ரத்தம் எடுக்கப்படும் என்று இருக்கிறது. பதினோராம் பக்கத்து அட்டவணையில் எண்ணிப் பார்த்தால் எட்டு முறை வருகிறது. இயந்திரம் இரண்டையும் அப்படியே, பிழையில்லாத தமிழில் தந்துவிடும். அனுபவப்பட்ட மொழிபெயர்ப்பாளர் அங்கே நிறுத்தி, பக்க எண்ணைக் குறிப்பிட்டு, எது சரி என்று கேட்டு எழுதுவார். ஆய்வு நடத்துபவர்கள் திரும்பிப் பார்த்து, மூலத்தையே திருத்துவார்கள். அந்தக் கேள்வியை அனுப்ப இரண்டு நிமிடம் போதும். ஆனால் அதைக் கேட்கத் தெரிந்தவர் என்பதற்காகத்தான் அடுத்த படிவமும் அவரிடமே வருகிறது.

அடுத்தது கடன். ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிதாக வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் ‘முக்கியத் தகவல் அறிக்கை’ தரப்பட வேண்டும். அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். ஆண்டு வட்டி விகிதம் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து எவ்வளவு, வசூல் எப்படி நடக்கும், புகார் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் இந்த அறிக்கையை மட்டும் நம்பித் துறைக்குள் இறங்கினால் ஏமாற்றம்தான். ஒரு நிறுவனத்துக்கு ஒரு முறை செய்து கொடுத்தால் அப்புறம் எண்கள் மட்டும்தான் மாறும். அதைச் சுற்றி வருகிறவை, அதாவது கடன் ஒப்பந்தம், அனுமதிக் கடிதம், நினைவூட்டல், புகார் நடைமுறை ஆகியவைதான் தொடர்ந்து ஓடும் வேலை. முக்கியத் தகவல் அறிக்கை அதற்கு வாசல்.

மூன்றாவது நீதிமன்றம். அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடவடிக்கைகள் பொதுவாக ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களிலோ தமிழ் புழங்குகிறது. நில ஆவணங்கள் தமிழில்தான் இருக்கின்றன. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது சாட்சியம், பத்திரம், தீர்ப்பு எல்லாம் ஆங்கிலமாக வேண்டும். இங்கே திசை தலைகீழ், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய கையெழுத்துக் கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லை) விவரத்தையும் வழிநடைப் பாத்தியத்தையும் (நடந்துபோகும் உரிமை) படித்துப் புரிந்துகொள்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஸ்கேன் செய்த மங்கலான முத்திரைத்தாளில் கருவிகளும் திணறுகின்றன. வருவாய்த் துறையிலோ பத்திர எழுத்தர் அலுவலகத்திலோ இருந்துவிட்டு மொழிபெயர்க்க வந்த ஒருவர் ‘பொது மொழிபெயர்ப்பு’ என்று போட்டுக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். அவர் கையில் இருக்கும் அறிவுக்கு சென்னையிலும் மதுரையிலும் வழக்கறிஞர்கள் காத்திருக்கிறார்கள்.

இரண்டையும் ஒருவரே விற்க முடியாது

பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. சில சேவைகள் ஒன்றையொன்று வெட்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிய பிறகு, அந்தத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். இதைப் பின்மொழிபெயர்ப்பு என்பார்கள். மூலத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பொருள் நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். மூலத்தைப் பார்த்தவர் இதைச் செய்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. அதேபோல மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிர்ணயம், மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திப் பார்ப்பதைக் கட்டாயமாக்குகிறது.

ஆக ‘மொழிபெயர்ப்பு, திருத்தம், பின்மொழிபெயர்ப்பு, மூன்றும் நானே செய்து தருகிறேன், மொத்த விலை இவ்வளவு’ என்று எழுதுகிறவர், விஷயம் தெரிந்த வாடிக்கையாளரிடம் தன் அனுபவக் குறைவைத் தானே சொல்லிவிடுகிறார். இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நம்பகமான சக மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு ஜோடி சேர்வது. இவர் மொழிபெயர்த்தால் அவர் பார்ப்பார். அவர் மொழிபெயர்த்தால் இவர் பார்ப்பார். வாடிக்கையாளரிடம் இரண்டு பேரின் பெயரையும் வெளிப்படையாகச் சொல்லலாம். இருவரும் ஒரே துறையில் இருந்தால்தான் இது பலன் தரும்.

அலகுதான் வருமானத்தை முடிவுசெய்கிறது

ஒவ்வொரு சேவையும் தன்னோடு ஓர் அலகைக் கொண்டுவருகிறது. மொழிபெயர்ப்பு சொல் கணக்கு, சப்டைட்டில் நிமிடக் கணக்கு, தட்டச்சு பக்கக் கணக்கு, மெய்ப்பு பெரும்பாலும் மணிக் கணக்கு. சேவையைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த அலகையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

சொல் கணக்கிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ் ஒட்டுநிலை மொழி. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிடும். ஆங்கில மூலத்தில் ஆயிரம் சொல் என்றால் தமிழில் நன்றாகக் குறைந்துதான் வரும். ஆகவே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது மூலச் சொல் கணக்கே நமக்குச் சரி. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘மூலச் சொல்’ என்று ஒத்துக்கொண்டால் நஷ்டம். அங்கே ஆங்கிலச் சொல்லை எண்ணச் சொல்ல வேண்டும். பழைய பத்திரம் என்றால் பக்கக் கணக்கும் வேண்டாம். பத்திரத்தைப் பார்த்துவிட்டு மொத்த விலை சொல்வதுதான் முறை.

போஸ்ட் எடிட்டிங் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, சொல்லுக்கு 2 ரூபாய் என்று மொழிபெயர்க்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் 300 சொல் முடிகிறது. 600 ரூபாய் வருகிறது. போஸ்ட் எடிட்டிங்குக்கு 1 ரூபாய் தருகிறார்கள். 600 ரூபாய் தொட மணிக்கு 600 சொல் முடிக்க வேண்டும். இயந்திரத்தின் தமிழ் ஓரளவு நன்றாக இருந்தாலும், மூலத்தையும் படித்து, அதையும் படித்து, எங்கே வழுக்கியிருக்கிறது என்று தேடி, நடையையும் சரிசெய்ய வேண்டும். மணிக்கு 450 சொல் முடிந்தால் கையில் 450 ரூபாய்தான். இதை அடியோடு மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்கும் தமிழ் எந்த அளவுக்குத் தேறும் என்று இரண்டு மூன்று பக்கம் வாங்கிப் பார்த்துவிட்டு, மணிக் கணக்கில் விலை கேட்கலாம். மணிக் கணக்கை ஏற்க மாட்டோம் என்று சொல்கிறவர்களுக்கு, அந்த வேகக் குறைவின் சுமையை உங்கள் தலையில் கட்டத்தான் விருப்பம்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு மணி நேரமாவது பிடிக்கும். குழு விவாதம் என்றால், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால், வட்டார வழக்கு கனமாக இருந்தால் இன்னும் கூடும். பதிவைக் கேட்காமல் நிமிட விலை சொல்லக் கூடாது.

ஒட்டிவரும் வேலை

ஒரு சேவையோடு இன்னொன்றைச் சேர்ப்பதென்றால் அதே திறமையில் வருவதைச் சேர்ப்பதைவிட, அதே வாடிக்கையாளருக்கு அடுத்த கட்டத்தில் தேவைப்படுவதைச் சேர்ப்பது பலன் தரும். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம், பக்க அமைப்புக்குப் பிறகான சரிபார்ப்பு.

தமிழ் தெரியாத ஒரு டிசைனர், மும்பையிலோ டெல்லியிலோ, நாம் அனுப்பிய தமிழை அடோபி இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுகிறார். அந்த மென்பொருளில் பத்தி அமைப்புக்கு ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். சில இடங்களில் புள்ளிவட்டம் முளைக்கும். டிசைனருக்கு அது தெரியாது, ஏஜென்சிக்கும் தெரியாது. வாக்கியம் ஒழுங்காக இருந்த துண்டுப்பிரசுரம் கொம்பு கலைந்து அச்சாகி வரும்; கெட்ட பெயர் மொழிபெயர்த்தவருக்கு. இன்னொரு தொல்லை இடம். தமிழில் சொல் எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொரு சொல்லும் நீளம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில், செயலியின் பொத்தானில் தமிழ் வழிந்து கடைசி எழுத்துகள் மறைந்துபோகும்.

‘அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப்-ஐ ஒருமுறை நான் பார்த்துத் தருகிறேன், குறைந்தபட்சக் கட்டணம் இவ்வளவு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சிறிய வேலை, சில சமயம் அரை மணி நேரம்தான். ஆனால் நம் மொழிபெயர்ப்பைக் கடைசிவரை நாமே காப்பாற்றிக்கொள்கிறோம். வாடிக்கையாளரும் அடுத்த முறை விசாரிக்காமல் நம்மிடமே வருகிறார். உள்ளூர் அச்சகங்களோடு பழகுகிறவர்கள், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தருவதையும் இதோடு சேர்க்கலாம்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சப்டைட்டில் தனிக் கலை. இரண்டு வரிக்குள், அதிகபட்சம் ஏழு நொடிக்குள் வசனத்தின் உயிரைக் கொண்டுவர வேண்டும். அது பிடித்தவர்களுக்கு அதில் கிடைக்கும் நிறைவு பெரிது. ஆனால் ஓடிடி தளத்துக்கும் நமக்கும் நடுவே ஒன்றிரண்டு இடைநிறுவனங்கள் இருக்கும். விலை பேச நமக்குப் பெரிய இடமில்லை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் பதில்களைத் தமிழில் மதிப்பிடும் வேலை இப்போது வருகிறது. மணிக் கணக்கில் தருகிறார்கள். ஆனால் திடீரென்று வரும், திடீரென்று நிற்கும். இடைவெளியை நிரப்ப வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி மற்ற வாடிக்கையாளரைக் காக்கவைக்கக் கூடாது.

தனிநபர்களின் சான்றிதழ் வேலைக்குத் தனி இயல்பு. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, விசாவுக்காக. அமெரிக்கக் குடியேற்றத் துறை, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்ப்பாளரே கையெழுத்திட்ட உறுதிமொழியைக் கேட்கிறது. பிரிட்டன் தேதி, பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவற்றைக் கேட்கிறது. இந்தியாவில் பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற அரசுப் பதிவு முறை இல்லை. இலங்கையில் இருக்கிறது, அங்கே சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரைக்குத் தனி மதிப்பு. வேலை சிறியது, பணம் முன்கூட்டியே வாங்கிவிடலாம். அதற்குப் பதில் தொலைபேசியில் நிறையப் பொறுமை வேண்டும். பதற்றத்தில் இருக்கும் குடும்பங்களோடு பேசுகிறோம்.

இலங்கை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லண்டனிலோ டொராண்டோவிலோ உள்ள ஏஜென்சி ‘தமிழ்’ என்று மட்டும் எழுதும். படிக்கப்போகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராக இருந்தால் அரசு அலுவலகச் சொற்கள், மருத்துவமனைச் சொற்கள், முகவரி எழுதும் முறை வரை வேறு. சிங்கப்பூர் அரசுத் தமிழும் தனி வழக்கு. யாருக்கான தமிழ் என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டு, நமக்குப் பழக்கமில்லாத வழக்கு என்றால் அங்கிருக்கும் ஒருவரைக் கைகாட்டுவதுதான் படிக்கிறவருக்கு நாம் செய்யும் நியாயம்.

சரி, ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் எப்படிப் பட்டியலைக் குறைப்பது? போன வருடத்து பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு விஷயம் எழுதிப் பார்க்கலாம்: உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை முறை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது, பணம் வர எத்தனை நாள் ஆனது, அதே ஆள் மறுபடி வந்தாரா. மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்று வகுத்துப் பார்க்கும்போது, பெரிய தொகை என்று நினைத்த வேலை கீழே போய், சின்ன வேலை மேலே வருவது உண்டு. கீழே இருப்பதை ஒரே நாளில் உதறத் தேவையில்லை. முதலில் அறிமுகக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் செய்யலாம். பிறகு ரேட்டை உயர்த்தலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஆடம்பரம் இல்லை என்பது தெரியும். வாடகை கட்ட வேண்டியிருக்கும்போது வந்ததை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எடுப்பது வேறு, விளம்பரப்படுத்துவது வேறு. எல்லா வேலையும் செய்துகொண்டே, குறிப்பில் இரண்டே இரண்டை மட்டும் எழுதலாம். ‘மருத்துவ மொழிபெயர்ப்பு’ என்று பொத்தாம்பொதுவாக இல்லாமல், ‘மருத்துவச் சோதனை ஒப்புதல் படிவங்களும் நோயாளி தகவல் தாள்களும், ஆங்கிலத்திலிருந்து தமிழ்நாட்டுத் தமிழுக்கு, வாய்விட்டு வாசிக்க ஏற்ற நடையில், மூலத்தில் உள்ள முரண்பாடுகளைக் குறித்துக் கேள்விகளோடு’ என்று எழுதலாம். அனுபவம் இன்னும் இல்லையென்றால், இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் பொதுப் பதிவேட்டில் ஆய்வுகளின் சுருக்கம் யாரும் படிக்கும்படி இருக்கிறது. அதிலிருந்து ஒரு பகுதியைத் தமிழாக்கி மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

பணப் பக்கத்தில் இரண்டு விஷயம். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பெரும்பாலானவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. இன்னொன்று, உத்யம் பதிவு, அதாவது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான ஒன்றிய அரசின் பதிவு, இலவசம். குறுந்தொழிலாகப் பதிந்துவிட்டால், இந்திய நிறுவனங்கள் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். பில்லில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டு அனுப்பினாலே கணக்குப் பிரிவில் கவனிப்பார்கள். கெடு தாண்டி, நிதியாண்டும் முடிந்த பிறகு பணம் கொடுத்தால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டு ஏஜென்சிகளுக்கு இது பொருந்தாது. 60 நாள் கழித்துத்தான் பணம் என்கிறவர்களிடம் முதல் வேலையைச் சிறியதாக வாங்கி, அந்தப் பணம் கணக்கில் விழுந்த பிறகு பெரியதை ஏற்கலாம்.